வடிவுக்கு வாங்கின மழைக்கோட்டு

வாங்க டீச்சர், வாங்க. செருப்ப உள்ளயே போடுங்க, வெளிய விட்டா சாரல்ல ஊறிப் போயிரும். நான் எந்திரிக்கலன்னு தப்பா நெனைக்காதீங்க. மாவுக்கட்டு பிரிச்சு அஞ்சு நாள்தான் ஆவுது, காலு இன்னும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. வடிவு இல்ல. ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பாக்காம காய்ச்சல் முகாம்னு போயிருக்கா. நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. ‘டீச்சரு புதுசா வண்டி வாங்கிப் பழகுதாங்க, சாமானக் காட்டுங்க, பிடிச்சா எடுத்துக்கிடட்டும்’னா. உங்க வீட்டுக்காரரு வரலயா? ஓ, வேலையா. சரி சரி. அளவு பாக்கணும்லா, அதுக்குத்தான் கேட்டேன்.

எல்லாம் அந்தக் கட்டில்ல விரிச்சிருக்கு. ஹெல்மெட்டு, கோட்டு, பேன்ட்டு, கையுறை, முட்டிக்குக் கட்டுதது, பூட்ஸ். ஒண்ணுமே மேல படல. அட்டைப்பெட்டிகூட அப்படியே இருக்கு. இவ்வளவு நல்ல சாமான எதுக்கு விக்கீங்கன்னு கேப்பீங்க. கேக்கலயா? பரவால்ல, சொல்லுதேன்.

நான் சர்வேயர், உங்களுக்குத் தெரியும்லா. இருபத்தாறு வருசமா நிலம் அளக்கேன். அண்ணனும் தம்பியும் வரப்புல நின்னு வெட்டிக்கிட்டுச் சாவான், நான் போயி சங்கிலியப் போட்டேன்னா ரெண்டு பேரும் வாய மூடிருவான். என் அளவு தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தன் மனு போட்டதில்ல. ரெண்டு பேரு போட்டான். தள்ளுபடி ஆயிட்டு.

என் வீட்டுக்காரி வடிவு ஆஸ்பத்திரியில நர்சு. தென்காசியில. என் ஆபீசும் தென்காசிதான். இந்த இலஞ்சியிலேருந்து அவளக் கொண்டு விடுதது, கூட்டிட்டு வாரது எல்லாம் நாந்தான். காலையில எட்டேகாலுக்கு வாசல்ல வண்டி நிக்கும். பதினேழு வருசம். ஒரு நா லேட்டு கிடையாது. போற வழியில வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஒரு டீக்கடை. ஆளுக்கொரு டீ, ஒரு வடை, அதப் பிச்சு ஆளுக்குப் பாதி. பேச்சுன்னு பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா அவள மாதிரி குடுத்து வச்சவ இந்த ஊருல இல்ல. அப்படின்னு நான் சொல்லுதேன். அவகிட்டக் கேட்டதில்ல.

இப்படி இருக்கையில மே மாசம் ஒரு ஆர்டரு வருது. பதவி உயர்வு. இங்க இல்ல, செங்கோட்டை தாண்டி மலையடிவாரத்துல ஒரு துணை சுகாதார நிலையம். அதுக்கு இவதான் பொறுப்பு. ஜூன் பதினெட்டுக்குள்ள போயிச் சேரணும். சேரலன்னா அந்த உயர்வு அடுத்த ஆளுக்குப் போயிரும், இனிமே அவ ரிட்டயர் ஆவுத வரைக்கும் வரும்னு சொல்ல முடியாது. அங்க போக பஸ்ஸு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. காலையில வாரதும் பத்து மணிக்குத்தான் போய்ச் சேரும். நான் கொண்டு விட முடியாது, என் ஆபீசு எதுத்த திசை. அதனால நான் சொன்னேன், ‘ஏட்டி, வேண்டாம்னு எழுதிக் குடுத்திரு, நிம்மதியா இருக்கலாம்’னு. நல்லதுக்குத்தான் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. அவ பேசலன்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். பதினேழு வருசமா அப்படித்தான் இருந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு வாசல்ல ஒரு மோட்டார் சைக்கிள் நிக்கு. பழசுதான், ஆனா கண்ணாடி மாதிரி தொடச்சு வச்சிருக்கா. ஸ்கூட்டர்னாலும் ஒரு இதா இருக்கும். ‘அங்க ரோடு பூரா சரளைக்கல்லு, சின்னச் சக்கரம் தடுமாறும்’னா. இதெல்லாம் உனக்கு யாரு சொன்னான்னேன். கூட வேலை பாக்க மரியபுஷ்பமாம். அந்தம்மாதான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால மைதானத்துல வச்சு, ஆர்டரு வாரதுக்கு முன்னாலேருந்தே, மூணு மாசமா இவளுக்கு ஓட்டப் பழக்கியிருக்கு. எட்டுப் போட்டு லைசென்சும் எடுத்தாச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது. வண்டி ஓட்டுத ஆம்பள ஒருத்தன் வீட்டுல குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம்னு நல்ல விதமாச் சொல்லியிருப்பேன்.

நான் தடுக்கல டீச்சர். நீங்க யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு நிபந்தனதான் போட்டேன். பாதுகாப்புச் சாமான் அத்தனையும் வந்த பெறகுதான் வண்டியத் தொடணும். பாதி சாமானோட போகப்புடாது. எல்லாத்தையும் நானே வாங்கித் தாரேன், நீ ஒண்ணும் அலைய வேண்டாம்னேன். சாவிய வாங்கி என் பையில வச்சுக்கிட்டேன்.

மொதல்ல ஹெல்மெட்டு. ஹெல்மெட்டுக்குத் தலை அளவு வேணும். அவ டிவி பாத்துக்கிட்டு இருக்கையில பின்னாடி போயி டேப்பச் சுத்தி எடுத்தேன். அறுபத்தாறு சென்டிமீட்டர். கொண்டையோட. கொண்டையில மல்லியப்பூ வேற இருந்துச்சு. அளவுன்னா இருக்கத அளக்கணும், அதுதான் எங்க டிபார்ட்மென்ட்டு முறை. திருநெல்வேலிக்கே போனேன். கடைக்காரன் அளவப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்கான். ‘சார், ஹெல்மெட்டு கன்னத்தக் கொஞ்சம் இறுக்கணும். தலைய ஆட்டுனா அதுவும் கூடவே ஆடணும், தனியா ஆடப்புடாது. போடுதவங்களக் கூட்டிட்டு வாங்க சார்’ங்கான். நான் யாரு, என்ன உத்தியோகம்னு சொன்னேன். அந்த அளவு கையில இல்லன்னுட்டான். சொல்லிவிட்டு வரவழைக்கப் பன்னெண்டு நாளாச்சு.

வந்துச்சு. போட்டுப் பாத்தா. குனிஞ்சா கண்ண மறைக்கு, நிமிந்தா பின்கழுத்துக்குப் போயிருது. உள்ள ஒரு துண்டச் சுத்திக்கோன்னேன். அவ சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு தெரியல, நானும் சிரிச்சேன்.

புதுச் சாமான்னா கோயில்ல வச்சு எடுக்கணும்லா. குமாரசாமி கோயிலுக்குக் கொண்டு போயி, அய்யர்ட்ட நல்லாப் போடுங்கன்னு சொன்னேன். அவரும் ஹெல்மெட்டு கண்ணாடி மேல சந்தனத்தக் கெட்டியாப் பூசி, நடுவுல குங்குமம் வச்சுக் குடுத்துட்டாரு. பாக்க லெச்சணமா இருந்துச்சு. ரெண்டு நாள்ல காய்ஞ்சு கல்லாப் போச்சு. நாந்தான் பாத்திரம் தேய்க்க கம்பி நாருல சோப்பு போட்டு அழுத்தித் தேய்ச்சேன். சந்தனம் போயிட்டு. கூடவே கண்ணாடியும் மங்கிட்டு. எடுத்துப் பாருங்க, மங்கலா இருந்தாலும் வெயிலுக்கு நல்லது. மழையில எதுக்க வார லைட்டு வெளிச்சம் பூவாத் தெறிச்சுத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்து கோட்டு. இதுல நான் ஏமாறல. போர்வை மாதிரி மேல போட்டுக்கிடுதது ஒண்ணு இருக்கு. அது காத்துல தூக்கும், சக்கரத்துல சிக்கும், வேண்டவே வேண்டாம். நீங்களும் அத வாங்கிராதீங்க. மேல கோட்டு, கீழ பேன்ட்டுன்னு ரெண்டாத்தான் வாங்கணும். தையல் மேல உள்பக்கமா நாடா ஒட்டியிருக்கான்னு பாக்கணும், இல்லன்னா ஊசி போன ஓட்டை வழியாத் தண்ணி எறங்கும். இவ்வளவும் பாத்தேன். நானே போட்டுப் பாத்தேன். எனக்குக் கச்சிதம். எனக்கே கச்சிதம்னா அவளுக்குத் தாராளமா இருக்கும்லா. எப்பவும் ஒரு சைசு கூடத்தான் எடுக்கணும்னு எங்க வீட்டுல பழக்கம். பள்ளிக்கூடத்து டவுசர்லேருந்து எனக்கு அப்படித்தான் எடுத்தாங்க. நாப்பத்தாறு வயசுல அவ இனி எங்க வளரப் போறான்னு கேப்பீங்க. உள்ள ஸ்வெட்டர் போடலாம்லா.

நெறம் கறுப்பு. அழுக்கு தெரியாது. அதப் பாத்துட்டு வடிவு, ‘மழை இருட்டுல, மேகம் எறங்கி நிக்கையில கறுப்புச் சட்டை லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்?’னா. தெரியணும்னா அவன் பாத்து ஓட்டணும்னேன். ‘உங்க ஆபீசுல நட்டு வச்சுப் பாக்க கம்புக்கு எதுக்குச் செவப்பும் வெள்ளையும் அடிச்சிருக்கு?’ன்னு கேட்டா. அது தூரத்துலேருந்து தெரியுததுக்குன்னேன். ‘ம்’னா. அவ்வளவுதான். சில நேரம் இவ எதச் சொல்ல வாரான்னே வெளங்காது.

ஜூன் பதினேழு சாயங்காலம் எல்லாச் சாமானும் வந்தாச்சு, பூட்ஸ் மட்டும் வரல. ‘நாளைக்குச் சேரணும்’ங்கா. பூட்ஸ் வரலயேன்னேன். ‘நாளைக்குத்தான் கடைசி நாளு’ங்கா. பூட்ஸ் வரலயேட்டி, நான் என்ன செய்யன்னேன். மனசுக்குள்ள எனக்கு நிம்மதிதான். மறைக்கல டீச்சர். ஒரு நா தள்ளிப் போச்சுன்னா எல்லாம் பழையபடி ஆயிரும், எட்டேகாலுக்கு வண்டி நிக்கும், டீயக் குடிச்சிட்டுப் போவோம்னு இருந்தேன். ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

காலையில ஏழு மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆவுத சத்தம் கேக்கு. சாவி என் பையில இருக்கு. எந்திரிச்சு ஓடிப் போயிப் பாக்கேன். வண்டிக்கு ரெண்டு சாவி உண்டு, வாங்கினவ அவ, இது எனக்குத் தோணவே இல்ல. செவப்பு ஹெல்மெட்டு, தலைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. கொண்டைய அவுத்துச் சடையாப் பின்னித் தொங்க விட்டிருக்கா. கோட்டும் பேன்ட்டும் கோழிமுட்டைக் கருவு மஞ்சள். காலுல ரப்பர் பூட்ஸ். எல்லாம் செங்கோட்டையில, ரப்பர்த் தோட்டத்து ஆளுக வாங்குத கடையில எடுத்ததாம். அரை மணி நேரத்துல. கோட்டப் போட்டுக்கிட்டுக் கடை வாசல்ல வண்டி மேல ஏறி உக்காந்து, கைய நீட்டினா மணிக்கட்டுத் தெரியுதா, கால மடக்கினா பேன்ட்டு மேல ஏறுதான்னு பாத்தாளாம். கடையில நாலு பேரு பாக்க. ‘போயிட்டு வாரேன்’னா. நான், ‘பாத்துப் போ’ன்னேன்.

அன்னைக்கு எட்டேகாலுக்கு நான் தனியாத்தான் கிளம்புனேன். டீக்கடைக்காரன் பழக்கத்துல ரெண்டு டீயப் போட்டு நீட்டிட்டான். ரெண்டையும் குடிச்சேன். முழு வடையையும் தின்னேன். வருத்தமா இருந்துச்சு டீச்சர், ரொம்ப வருத்தமா இருந்துச்சு. பின்னால ஆளில்லாம வண்டி லேசாக் கெடந்து ஆடுது. ஒருத்தருக்கு நாம வேணும்னு நெனைச்சுக்கிட்டே இருந்துட்டு, திடீர்னு வேண்டாம்னு ஆனா எப்படி இருக்கும். ஆனா நான் அவட்ட ஒண்ணும் காட்டிக்கல. ஒரு மாசம் பேசாம இருந்தேன், அவ்வளவுதான்.

காலா? அதுக்குத்தான் வாரேன். ஜூலை நடுவுல ஒரு நா, காலையிலேருந்து நல்ல மழை. அஞ்சரைக்கு வாரவ, ஆறரை ஆயும் வரல. பதினோரு தடவ போன் அடிச்சேன், எடுக்கல. வண்டி ஓட்டுதப்ப போன எடுக்கப்புடாதுன்னு அவளுக்குச் சொன்னவன் நாந்தான். எனக்கு இருப்புக் கொள்ளல. அந்த மஞ்சக் கோட்டு என்ன கோட்டோ, தண்ணி எறங்கி நனைஞ்சு நடுங்கிக்கிட்டு எங்கயாவது நிக்காளோன்னு, நான் வாங்கின சாமான் அத்தனையும் ஒரு பெரிய பையில போட்டேன். ஹெல்மெட்டு, கறுப்புக் கோட்டு, பேன்ட்டு, கையுறை. பைய பாலிதீன் தாள்ல சுத்தி, முன்னால வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

நானா? நான் சட்டையும் வேட்டியும்தான். என் கோட்டு கொடியிலயே கெடந்துச்சு, அவசரத்துல எடுக்கல. காலுல ரப்பர் செருப்பு.

ரயில்வே கேட்டு இருக்குல்லா, அங்க தண்டவாளம் ரோட்டுக்குச் சாய்வாப் போகும். மழையில நனைஞ்ச தண்டவாளத்த நேரா வெட்டித் தாண்டணும், சாய்ச்சு ஏத்துனா சக்கரம் வழுக்கும். எனக்கு நல்லாத் தெரியும். வடிவுக்கே சொல்லியிருக்கேன். அன்னைக்கு எதுக்க வார லைட்ட எல்லாம் மஞ்சக் கோட்டா, மஞ்சக் கோட்டான்னு பாத்துக்கிட்டே போனதுல ஏத்திட்டேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணுக்கால் எலும்பு ஒடிஞ்சு, புருவத்துல நாலு தையல். பைக்குள்ள இருந்த ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கீறல் கூட இல்ல. பாத்தீங்களா, தரமான சாமான்.

கேட்டுக்காரன் தூக்கி ஓரமா உக்கார வச்சான். அந்தப் பக்கத்துலேருந்து மஞ்சளா ஒண்ணு வருது. தூரத்துலயே தெரிஞ்சுச்சு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் எறங்கட்டும்னு இருந்துட்டு வந்திருக்கா. எறங்கி ஓடி வந்து காலத் தொட்டுப் பாத்தா, கண்ணு மேல கைக்குட்டைய அழுத்திப் பிடிச்சா. அவ கோட்டுக்குள்ள ஒரு பொட்டுத் தண்ணி இல்ல, சட்டை காய்ஞ்சு கெடக்கு. பையப் பிரிச்சுப் பாத்தா. ‘இவ்வளவும் கையிலதான இருக்கு, ஒண்ணயாவது எடுத்துப் போட்டிருக்கலாம்லா?’ன்னு கேட்டா. உனக்குன்னு வாங்கினத நான் எப்படிப் போடுவேன்னேன். மழை பெஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவ அந்தக் கறுப்புக் கோட்ட எடுத்து எனக்குப் போட்டு, பித்தான எல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டு விட்டா. கச்சிதமா இருந்துச்சு. அப்பதான் அவ அழுதா. வலி எனக்கு, அழுதது அவ.

சாமானப் பாருங்க டீச்சர். கையுறை போட்டுப் பாருங்க. பெருசா இருக்கா? ஹெல்மெட்டு? ஆமா, அது அப்படித்தான் எறங்கும். கோட்டு? அத மட்டும் இங்க குடுங்க. அத விக்கல. விக்கேன்னு சொன்னேன்தான், இப்ப விக்கல.

என்னன்னா, போன செவ்வாக்கிழம மாவுக்கட்டு பிரிக்கப் போகணும். நல்ல மழை, ஒரு ஆட்டோவும் வரல. அவ வண்டியிலதான் கூட்டிட்டுப் போனா. நான் பின்னால. கட்டுப் போட்ட காலுக்கு உரச்சாக்கச் சுத்திக்கிட்டு நீட்டிக்கிட்டு உக்காந்தேன். கோட்டு போடுங்கன்னா. ஓட்டுதவங்களுக்குத்தான் கோட்டு, பின்னால இருக்கவனுக்கு எதுக்குன்னு நான் போடல. நல்லாத்தான் ஓட்டுதா. குழி பாத்து ஓட்டுதா, பிரேக்க சன்னமாப் போடுதா. எனக்கு ரோடு ஒண்ணும் தெரியல, மஞ்சக் கோட்டு மட்டுந்தான் தெரியுது. வாய்க்கால் பாலம் தாண்டுததுக்குள்ள என் மடியெல்லாம் தண்ணி. என்னடா இது, முன்னால அவ மறைச்சுக்கிட்டுத்தான இருக்கா, இங்க எப்படி வருதுன்னு பாக்கேன். முன்னால இருக்கவங்க கோட்டு மேல விழுத மழை பூரா முதுகு வழியா வடிஞ்சு, பின்னால இருக்கவங்க மடியிலதான் எறங்குது. வாளியில மோந்து ஊத்துன மாதிரி.

வடிவு, இப்படித்தான் இருக்குமான்னு கேட்டேன். ‘எப்படி?’ன்னா. முன்னால கோட்டு போட்டா பின்னால மடி நனையுமான்னேன். ‘நனையும்’னா. ‘நீங்க கோட்டு போட்டு ஓட்டுவீங்கள்லா, எனக்குப் பழக்கந்தான். பையில ஒரு மாத்துச் சேல எப்பவும் வச்சிருப்பேன், போனதும் உடுத்திக்கிடுவேன்’னு, கடைக்குப் போயிட்டு வந்தத சொல்லுத மாதிரி சொல்லுதா.

பதினேழு வருசம் டீச்சர். மழைக்காலம் மட்டும் கணக்குப் போட்டாலும் எத்தன நாளு. அந்தப் பையத் தெனமும் நாந்தான் வண்டியில மாட்டுவேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு நா பாத்ததில்ல. ஒரு நா கூட அவ சொன்னதுமில்ல. அவள ஒரு பொட்டு நனைய விடாம கொண்டு விடுதேன்னு ஆபீசுல பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். எனக்கு வெக்கமா இருக்கு. அவட்டச் சொல்ல வாய் வரல, உங்ககிட்டச் சொல்லுதேன்.

கெளம்பிட்டீங்களா? சாமான் ஒண்ணும் வேண்டாம்லா. வேண்டாம், நானே சொல்லுதேன், எடுக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழம வடிவு இருப்பா, அவகூடச் செங்கோட்டைக்குப் போங்க. நீங்களே போட்டுப் பாத்து வாங்குங்க. நான் வரல.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. இத்தன வருசம் நீங்களும் உங்க வீட்டுக்காரரு பின்னாலதான போனீங்க? உங்க பையிலயும் மாத்துச் சேல இருந்துச்சா?

அவருக்குத் தெரியுமா டீச்சர்?